செல்பேசியில் உள்ள சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கும்படி காப்பது எப்படி

மிரட்டல் செய்தியோ தெருமுனைக் கேமராவின் காட்சியோ கையில் கிடைத்துவிட்டதாலேயே அது சாட்சியம் ஆகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்பவர் அதனுடன் உரிய சான்றிதழையும் இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் எவற்றைக் கேட்கிறது என்று அறிந்திருந்தால், முதல் நாளிலேயே செய்ய வேண்டியது தெளிவாகிவிடும்.

மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். செய்தியை அழிப்பதும், காணொளியை வெட்டிச் சுருக்குவதும், செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதும் கூடாது. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்படுவதால் பெறுபவரிடம் சேர்வது வேறொரு கோப்பு. எனவே கேபிள் வழியாகவே நகலெடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அது மூலச் செய்திக்கு ஈடாகாது. சிசிடிவி காட்சிக்கோ ஒரு நாள் தாமதமும் ஆபத்து: நினைவகம் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும் என்பதால், கேமராவின் உரிமையாளருக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றே எழுத்தில் கோரிக்கை கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, நகலின் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த மதிப்பு மாறிவிடும். பதிவு திருத்தப்பட்டது என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கிளப்பும் ஐயத்துக்கு இதைவிட உறுதியான பதில் இல்லை. விண்டோஸ் கணினியில் உள்ள செர்ட்யூட்டில் (certutil) கட்டளையே இதற்குப் போதும். சான்றிதழ்ப் படிவம் எம்டி5, எஸ்எச்ஏ1 ஆகிய ஹேஷ் கணக்கிடும் முறைகளையும் ஏற்கிறது என்றாலும், வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரச் செய்ய முடியும் என்று அவ்விரண்டிலும் நிரூபிக்கப்பட்டுவிட்டதால், எஸ்எச்ஏ256ஐயே தேர்ந்தெடுங்கள். சான்றிதழின் முதல் பகுதியில் கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு செல்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்) ஆகியவற்றை நிரப்பித் தாக்கல் செய்பவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதி நிபுணருக்கு உரியது.

மூலக் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி மெய்ப்பித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று, பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவி வேறொருவர் வசம் இருந்து, அவர் சான்றிதழ் தர மறுத்தால் நீதிமன்றத்தில் மனு செய்து வரவழைக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது.

காவல்துறையினர் செல்பேசியைக் கைப்பற்றினால், மகஜரில் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணத்தில்) ஐஎம்இஐ எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, கைப்பற்றும் நடவடிக்கை முழுவதையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அவ்வாறு பதிவாகிறதா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.