படித்த புத்தகங்களுக்கு ஒரு குறிப்பேடு

படித்த புத்தகங்களின் பெயர்களை மட்டும் வரிசையாக எழுதி வைப்பவர்கள் பலர் உண்டு. ஆண்டு முடிவில் அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்து மகிழலாம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து, ‘ஏரி மராமத்து முறையைப் பற்றி எங்கோ விரிவாகப் படித்தோமே, அது எந்தப் புத்தகம்?’ என்ற கேள்வி எழும்போது அந்தப் பட்டியலால் பதில் சொல்ல முடியாது. வாசிப்புக் குறிப்பேடு என்று நான் இங்கே சொல்வது, படித்ததை மறுபடி கண்டெடுக்க உதவும் ஏட்டைத்தான். எத்தனை படித்தோம் என்ற கணக்கு அதில் தானாகவே வந்துவிடும்.

ஏட்டைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். தைத்துக் கட்டிய, கெட்டி அட்டை போட்ட, கோடிட்ட நோட்டு ஒன்று போதும். கம்பிச்சுருள் நோட்டில் தாள்கள் எளிதாகக் கிழிந்து வருவதால் அதைத் தவிர்க்கலாம். ஈரக் காற்றில் ஜெல் பேனாவின் மை பரவக்கூடும் என்பதால் பந்துமுனைப் பேனாவே நல்லது. எழுதத் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களுக்கும் எண்ணிட்டுவிடுங்கள். கடைசி முப்பது பக்கங்களை அகராதிக்கென்று, அதாவது பெயர்களையும் பொருள்களையும் அகரவரிசையில் குறிக்கும் பட்டியலுக்கென்று, ஒதுக்குங்கள். அந்த அகராதியைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

படிக்கும்போது செய்ய வேண்டியது

குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பத்திக்கும் பேனாவை எடுத்தால் வாசிப்பு தடைபடும்; நாவலாக இருந்தால் அதன் ஓட்டமே கெட்டுவிடும். அதற்குப் பதிலாக, நான்கு விரல் அகலமுள்ள துண்டுச் சீட்டு ஒன்றைப் புத்தகத்துக்குள் அடையாளச் சீட்டாக வையுங்கள். மனத்தைத் தொட்ட இடம், சந்தேகம் எழுந்த இடம், மறுக்கத் தோன்றிய இடம் ஆகியவற்றின் பக்க எண்ணையும் அருகே இரண்டொரு சொற்களையும் மட்டும் அதில் எழுதினால் போதும்: ‘47 – கிணற்றுச் சண்டை’, ‘112 – ஆண்டு சரியா?’, ‘203 மேல் – அம்மாவின் பேச்சு’. பக்கத்தின் மேற்பகுதியா கீழ்ப்பகுதியா என்று குறித்துவிட்டால் பிறகு தேடும் நேரம் பாதியாகக் குறையும். நூலகப் புத்தகத்தில் கோடு போட முடியாது, போடவும் கூடாது. ஆகவே நூலக வாசகர்களுக்கு இந்தச் சீட்டை விட்டால் வேறு வழியில்லை. சொந்தப் புத்தகமாக இருந்தாலும், அடிக்கோடிட்ட இடத்தைத் தேட முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியிருக்கும். சீட்டு அந்த வேலையை மிச்சப்படுத்தும்.

மின்னூலில் படிப்பவர்கள் வேறுவிதமாகச் செய்ய வேண்டும். கிண்டில் கருவியில் நீங்கள் வண்ணமிடும் வரிகள் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற உரைக்கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். எழுத்தின் அளவை மாற்றினால் திரையில் தெரியும் பக்கமும் மாறும் என்பதால், அந்தக் கருவி காட்டும் இருப்பிட எண்ணையும் அத்தியாயத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்

புத்தகத்தைப் படித்து முடித்த இரண்டு மூன்று நாள்களுக்குள் பதிவை எழுதிவிட வேண்டும். முதலில் தலைப்பு, ஆசிரியர் முதலிய விவரங்கள். இவற்றை மேலட்டையைப் பார்த்து எழுதாமல், உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் பார்த்து எழுதுங்கள். முதற்பதிப்பு வந்த ஆண்டு, உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு ஆகிய இரண்டும் வேண்டும். 1950-களில் எழுதப்பட்ட நாவலை 2018 என்று மட்டும் குறித்து வைத்தால், அதன் காலத்தைப் பற்றிய உங்கள் நினைவே பிறகு பிசகும்.

தமிழ்ப் புத்தகங்களில் இந்த ஆண்டு விவரம் சற்றுக் கவனம் கேட்பது. திருவள்ளுவர் ஆண்டை மட்டும் அச்சிட்டிருந்தால் அதிலிருந்து 31-ஐக் கழித்தால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு கிடைக்கும், தி.ஆ. 2035 என்றால் 2004. பழைய பதிப்புகளில் ‘விரோதி வருஷம்’ என்பதுபோல அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் இருக்கலாம். அந்தப் பெயர் 1889, 1949, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடங்கியிருக்கிறது. அச்சகத்தின் பெயர், விலை, தாளின் நிலை ஆகியவற்றைக் கொண்டு எதுவென்று முடிவு செய்துகொள்ளலாம்.

பதிப்பகத்தின் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பாரதியாரின் எழுத்துகள் 1949-இல் அரசுடைமையாயின. கல்கியின் எழுத்துகளும் பின்னர் நாட்டுடைமையாயின. இதனால் ஒரே நூலைப் பல பதிப்பகங்கள் வெவ்வேறு பக்க அமைப்பில் வெளியிடுகின்றன. கவிதைத் தொகுதிகளில் வைப்புமுறைகூட மாறும். ஒருவருடைய பதிப்பில் 214-ஆம் பக்கத்தில் இருப்பது இன்னொருவருடையதில் 260-க்கு அப்பால் இருக்கும். ஆகையால் உரைநடை நூலாயின் அத்தியாய எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பழைய இலக்கியமாயின் பக்க எண்ணே வேண்டாம். புறநானூறு 192 என்று பாட்டெண்ணைக் குறித்துவிட்டால் எந்தப் பதிப்பை எடுத்தாலும் பாடல் கிடைத்துவிடும். திருக்குறளுக்குக் குறள் எண்ணோடு அதிகாரத்தின் பெயரையும் எழுதுவது நல்லது. இன்று வழங்கும் எண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைச் சார்ந்தவை, மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள்ளே குறள்களின் வரிசை வேறுபடும்.

மொழிபெயர்ப்பு நூலாயின் மொழிபெயர்ப்பாளரின் பெயரை ஆசிரியரின் பெயருக்கு இணையாக எழுதுங்கள். மூலமொழியிலிருந்து நேரே வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் முன்னுரையில் பார்த்துக் குறியுங்கள். சிறுகதைத் தொகுதியாயின் மனத்தில் நின்ற கதைகளின் தலைப்புகளையாவது தனித்தனியே எழுத வேண்டும். தமிழில் ஒரே கதை பல தொகுதிகளில் இடம்பெறுவதால், தொகுதியின் பெயரை மட்டும் எழுதி வைத்தால் எந்தக் கதையை எங்கே படித்தோம் என்பது தெரியாமலே போகும். பத்திரிகையில் படித்த நல்ல கதைக்கும் கட்டுரைக்கும் இதழின் பெயரோடும் மாதத்தோடும் பதிவு உண்டு. நூலகப் புத்தகமாயின் எந்த நூலகம் என்பதையும் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணையும் எழுதிக்கொண்டால் மறுமுறை நேரே அந்த அலமாரிக்குப் போகலாம்.

இந்த விவரங்களுக்கு அடுத்து, இந்தப் புத்தகம் நம்மிடம் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். யார் சொன்னார், எந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில் பார்த்தோம், எந்தக் கண்காட்சியில் வாங்கினோம் என்ற செய்தி முதலில் சிறியதாகத் தோன்றும். சில ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, யாருடைய பரிந்துரை நமக்கு ஒத்துவருகிறது என்பதை அந்த வரிகளே காட்டும். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட நம்பகமான துணை எனக்குத் தெரிந்து வேறில்லை.

உங்கள் கருத்து

பதிவின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு என்று மதிப்பெண் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருபத்தைந்து வயதில் போட்ட நான்கும் நாற்பதில் போட்ட நான்கும் ஒன்றல்ல, ஏன் போட்டோம் என்பதையும் அந்த எண் சொல்லாது. ‘அருமையான நாவல்’, ‘நல்ல நடை’ என்பவையும் அப்படியே. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல், நினைவில் நிற்பதை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். அதன்பின் சீட்டை எடுத்து, குறித்த பக்கங்களைப் புரட்டி, உண்மையிலேயே வேண்டிய இரண்டு மூன்று வரிகளை மட்டும் சொல் மாறாமல் பெயர்த்தெழுதுங்கள்.

ஆசிரியரின் சொற்களை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். உங்கள் சொற்களுக்கு அந்தக் குறி கூடாது. இதில் சிறிதும் தளர்வு வேண்டாம். குறி இல்லாமல் எழுதிய வரி சில ஆண்டுகளுக்குப் பிறகு யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. அதைக் கட்டுரையிலோ மேடையிலோ பயன்படுத்தும்போது பிறர் எழுதியதை உங்களுடையதாகச் சொல்ல நேரும்.

ஒரு பதிவு ஏறக்குறைய இப்படி அமையலாம் (தொடக்கத்தில் இருப்பது பதிவின் வரிசை எண்):

64. என் சரித்திரம் – உ.வே. சாமிநாதையர். தன்வரலாறு. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது, நூலாக 1950. மாவட்ட மைய நூலகப் படி. முடித்தது: 9-7-2023. தமிழாசிரியர் ஒருவர் சொல்லி எடுத்தேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பகுதி மற்றவற்றைவிட நெருக்கமாக இருக்கிறது. ஆசிரியரைப் பற்றி எழுதும்போது தம்மை மறந்துவிடுகிறார். ஏட்டுச் சுவடியைத் தேடிப் போகும் ஊர்களில் உணவும் தங்குமிடமும் எப்படிக் கிடைத்தன என்ற செய்திகள் நிறைய. நூல் முற்றுப்பெறாமல் நின்றுவிடுகிறது. அடுத்துப் படிக்க: கி.வா. ஜகந்நாதனின் ‘என் ஆசிரியப்பிரான்’.

இவ்வளவே போதும். ஒரு பக்கத்தைத் தாண்டும் பதிவுகளைத் தொடர்ந்து எழுதுவது கடினம். இரண்டு மாதத்தில் கை ஓய்ந்துவிடும்.

பாதியில் நிறுத்திய புத்தகங்களுக்கும் பதிவு வேண்டும். எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எதனால் நிறுத்தினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். சிறிய எழுத்து கண்ணை வருத்தியதா, மொழிபெயர்ப்பு சரியில்லையா, நம் மனம்தான் அப்போது வேறெங்கோ இருந்ததா என்று தெரிந்தால், மறுபடி எடுக்கலாமா என்பதை முடிவு செய்யலாம். இரண்டாம் முறை படித்த புத்தகத்துக்குப் புதிய எண்ணில் புதிய பதிவு எழுதி, பழைய பதிவின் எண்ணை அதில் குறியுங்கள். பழையதைத் திருத்த வேண்டாம். முன்பு பிடிக்காத பாத்திரம் இப்போது பிடித்துப்போனதன் காரணம் அந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில்தான் தெரியவரும்.

அகராதி

1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண உ.வே.சா. போயிருந்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டவரிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தாம் படித்த நூல்களை அவர் அடுக்கினார். இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்ட முதலியார், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். அந்தச் சந்திப்புக்குப் பின் உ.வே.சா. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, உரையில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடித் தேடிக் குறிக்க வேண்டியிருந்தது. அவருடைய பதிப்புகளோடு வரும் அரும்பத அகராதிகள் அந்த உழைப்பின் பயன். சொல்லையோ பெயரையோ நினைத்த மாத்திரத்தில் கண்டெடுக்க உதவும் அந்த ஏற்பாட்டின் ஒரு சிறு வடிவத்தை நம் குறிப்பேட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசி முப்பது பக்கங்களை எழுத்துவாரியாகப் பிரியுங்கள். உயிரெழுத்துகளுக்கு ஆறேழு பக்கங்கள் போதும். க, ச, த, ப, ம, வ வரிசைகளுக்குத் தலா மூன்று பக்கங்கள் வேண்டும். ந வரிசைக்கு இரண்டு. ஞ, ய, ர, ல, ஜ முதலியவற்றை எஞ்சிய பக்கங்களில் சேர்த்து அடக்கிவிடலாம். ஒவ்வொரு பதிவையும் முடித்தவுடன் அதன் எண்ணை ஆசிரியர் பெயரிலும், இரண்டு மூன்று பொருள்தலைப்புகளிலும் ஏற்றுங்கள். மேலே உள்ள பதிவுக்கு ‘சாமிநாதையர் – 64’, ‘சுவடி தேடல் – 64’, ‘குருகுலக் கல்வி – 64’ என்று வரும். முன்னெழுத்துகளை விட்டுவிட்டுப் பெயரின் முதலெழுத்திலேயே சேருங்கள். புனைபெயரில் எழுதியவரைப் புனைபெயரிலேயே வைத்து, இயற்பெயரில் ஒரு வழிகாட்டு வரி எழுதினால் போதும்: ‘விருத்தாசலம், சொ. – புதுமைப்பித்தன் காண்க’. பொருள்தலைப்புகளைப் பொதுவாக வைக்காதீர்கள். ‘வரலாறு’ என்பதன் கீழ் நூறு எண்கள் சேர்ந்தால் அது உதவாது, ‘ஏரி மராமத்து’ என்றால் உதவும்.

கணினியில் வைத்திருப்போருக்கு

விரிதாளில் எழுதினால் தேடுவது எளிது என்றாலும் எழுத்துக்கூட்டல் ஒரு தொல்லை. ராமசாமி, இராமசாமி, ராமஸ்வாமி என்று மூன்று விதமாக எழுதி வைத்தால் தேடும்போது மூன்றில் ஒன்றுதான் அகப்படும். ஒரு முறையைத் தீர்மானித்து, அட்டையில் வேறுவிதமாக இருந்தாலும் தேடலுக்கான கட்டத்தில் அதையே எழுதுங்கள். சில மென்பொருள்கள் தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றாமல் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அப்போது ‘கனவு’ என்பது ‘கபிலர்’ என்பதற்கு முன்னே வந்து நிற்கும். வரிசை தவறிவிட்டதென்று எண்ணி எதையும் அழித்துவிட வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய குறிப்புகள் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைப் படிக்கவே முடியாது. குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் பதிபவர்கள் ஆண்டுக்கொருமுறையேனும் தங்கள் பட்டியலைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பை எக்செலில் நேரே திறக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால், தரவை இறக்குமதி செய்யும் வழியில் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் சரியாகும்.

குறிப்பேடு தொடங்குமுன் படித்தவற்றை நினைவிலிருந்து மீட்டெழுத முயல வேண்டாம். தேதியும் பதிப்பும் ஊகமாகவே இருக்கும், தொடங்குமுன்பே சலிப்பும் வந்துவிடும். முன்பக்கம் ஒன்றில் அவற்றின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு, இப்போது கையில் இருக்கும் புத்தகத்துக்கு முதல் எண்ணைக் கொடுங்கள். சொந்தப் புத்தகமாயின் பதிவின் ஓரத்தில் சிறிது இடம் விட்டு வையுங்கள். யாருக்கு என்றைக்கு இரவல் கொடுத்தோம், என்றைக்குத் திரும்பி வந்தது என்பதைக் கரிக்கோலால் எழுதிக்கொள்ள அது பயன்படும்.