பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் வீட்டு மாற்றங்களுக்கும் பணம் திரட்டுவது எப்படி?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பக்கவாதம் வந்தாலும், முதுகுத்தண்டில் அடிபட்டாலும் நாம் முதலில் செய்வது, வாட்ஸ்அப்பில் "10 லட்சம் தேவை, உதவுங்கள்" என்று போடுவதுதான். அதைக் கடைசியில் செய்யுங்கள் என்பேன். பேப்பர் வேலையை முடித்துவிட்டுக் கேட்டால், கேட்கவேண்டிய தொகையும் குறையும், கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: செலவை மூன்றாகப் பிரியுங்கள்

ஆஸ்பத்திரி பாக்கி ஒன்று. மருந்து, டயப்பர், பிசியோதெரபி, பார்த்துக்கொள்ள வரும் ஆளின் சம்பளம் என்று மாதாமாதம் ஓடும் செலவு இரண்டு. வீட்டில் செய்யவேண்டிய வேலை மூன்று. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் வெளியே கேட்கலாம். மாதச் செலவை அண்ணன், தம்பி, அக்கா, தங்கை உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்வதுதான் நிலைக்கும். ஊரார் பணத்தில் ஆறு மாதம் மருந்து வாங்கலாம், ஆறு வருடம் வாங்க முடியாது.

படி 2: அரசு தருவதை முதலில் கழியுங்கள்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. உங்கள் ஆஸ்பத்திரியும் அந்தச் சிகிச்சையும் பட்டியலில் உள்ளனவா என்று 1800 425 3993-இல் கேளுங்கள். அப்பாவை அட்மிட் செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் பெரும்பாலும் பயனில்லை.

அடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி (தனித்துவ அடையாள) அட்டை. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு என்று மருத்துவர்கள் சான்று தந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். இந்த அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனால் சக்கர நாற்காலிக்கும், பாதிப்பு கடுமையாக இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். இப்போது படி 1-இல் எழுதிய தொகைகளை மறுபடி பாருங்கள், கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

படி 3: வீட்டு வேலைக்கு எழுத்தில் எஸ்டிமேட்

மேஸ்திரியைக் கூப்பிடும் முன் டேப்பை எடுத்து நீங்களே அளந்து வையுங்கள். சக்கர நாற்காலி ஏறி இறங்க வாசலில் போடும் சாய்தளத்துக்கு (ராம்ப்) விதி 1:12. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி. நம் ஊர் வீடுகளில் வாசலுக்கு முன் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் திருப்பி இரண்டு துண்டாகப் போட்டு, திருப்பத்தில் ஐந்துக்கு ஐந்தடி சமதளம் விடவேண்டும். "அவ்வளவெல்லாம் வேணாம் சார், ஆறடியில முடிச்சிடலாம்" என்பார் மேஸ்திரி. ஒத்துக்கொள்ளாதீர்கள். செங்குத்தான சாய்தளத்தில் ஏற்றும்போது நாற்காலி பின்பக்கமாகச் சாயும், இறக்கும்போது தள்ளுகிறவர் கையை மீறி ஓடும்.

அப்புறம் கழிவறை. பல வீடுகளில் அதன் கதவு இரண்டு, இரண்டரை அடிதான் இருக்கும். சக்கர நாற்காலியே இரண்டடிக்கு மேல். கதவு மூன்றடி இருக்கட்டும், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கைப்பிடிக் கம்பியைச் செங்கல் வரை துளைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். டவல் போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. வாடகை வீடென்றால் இடிக்கும் வேலையே வேண்டாம். கமோடு நாற்காலியும் கழற்றி மாட்டும் சாய்தளமும் போதும், வீடு மாறும்போது கூடவே வரும்.

இதற்கெல்லாம் பொருள் வேறு, கூலி வேறு என்று பிரித்து எழுதி, மேஸ்திரியின் கையெழுத்தும் வாங்குங்கள்.

படி 4: அப்பாவிடம் கேளுங்கள்

அவர் சம்மதம் இல்லாமல் படுக்கையில் கிடக்கும் படத்தைப் போடாதீர்கள். படமே இல்லாமல் எஸ்டிமேட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மட்டும் வைத்துக் கேட்கலாம். அவற்றில் ஆதார் எண், முகவரி இருந்தால் மறைத்துவிடுங்கள்.

படி 5: தெரிந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்

குரூப்பில் போட்டால் எல்லோரும் கைகூப்பும் எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருவருக்கு, ஒரு பொருளுக்கு என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பருக்கு:

"வணக்கம் மாமா. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாய்தளத்துக்கும் கழிவறைக்கும் 68,000 ரூபாய் ஆகும், எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறேன். எங்கள் கையில் 30,000 இருக்கிறது. கைப்பிடிகளுக்கு ஆகும் 4,000 ரூபாயை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை மாமா, ஒருநாள் வந்து அப்பாவைப் பாருங்கள்."

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தும் பணம் திரட்டும் வழிதான். ஆனால் மொய் நோட்டில் ஏறுவது கடன். சம்பாதிக்கிறவரே படுத்திருக்கும் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

படி 6: ஆன்லைன் தளங்கள்

மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு போன்ற நன்கொடை திரட்டும் தளங்கள் பெரிய ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயன்படும். கட்டணம் எவ்வளவு, பணம் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகுமா என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கொடுப்பவரிடம் தளம் தனியாக 'டிப்' கேட்கலாம், அதை மாற்றமுடியும் என்று நண்பர்களிடம் சொல்லிவையுங்கள்.

வரி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்குக்கு வந்தால், அந்த மொத்தமும் வருமானமாகக் கணக்கிடப்படலாம். சட்டப்படி சித்தப்பா உறவினர், சித்தப்பா மகன் இல்லை! பெரிய தொகை என்றால் ஆடிட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் போன் நம்பரை வெளியே போட்டதும் மோசடிக்காரர்களும் கூப்பிடுவார்கள். "பணம் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை.

படி 7: கணக்கு

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வந்தது, செலவானது, மீதி என்று ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை பில்லோடு படம் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள். தேவையான தொகை சேர்ந்த அன்றே "போதும், இனி அனுப்பவேண்டாம்" என்று எல்லோருக்கும் சொல்லி, ஆன்லைன் பக்கத்தையும் மூடிவிடுங்கள். அதற்குப் பிறகும் யாராவது அனுப்பினால், திருப்பி அனுப்பவா, மருந்துச் செலவில் சேர்த்துக்கொள்ளவா என்று அவரிடமே கேளுங்கள்.