ஆடாதொடை மணப்பாகு: பூஞ்சை பிடிக்காமல் காய்ச்சும் முறை

ஆடாதொடை இலைக் கஷாயத்தில் கற்கண்டு சேர்த்துக் காய்ச்சும் இருமல் மருந்துதான் இந்த மணப்பாகு. கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கொல்லை வேலி முழுக்க ஆடாதொடைதான். ஆடு வாய் வைக்காது என்பதால் அப்பத்தா காலத்தில் நட்டது. 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்குச் சூட்டிய பெயரிலும் ‘அதாதோடா’ என்று நம் சொல்லே நிற்கிறது.

இலையின் கசப்பில் வாசிசின் என்ற ஆல்கலாய்டு (செடிகளில் உண்டாகும் ஒருவகை வேதிப்பொருள்) இருக்கிறது. இறுகிய சளியை இளக்க உதவுவது அது. மருந்துக் கடை இருமல் புட்டிகளில் காணும் புரோம்ஹெக்ஸின், வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது. இன்னொரு இருமல் மருந்தான அம்ப்ராக்ஸால், அந்தப் புரோம்ஹெக்ஸின் உடலுக்குள் மாறிக் கிடைக்கும் பொருள்.

முற்றிய பச்சிலை 100 கிராம் எடுத்து, நடு நரம்பைக் கிள்ளிவிட்டு நறுக்குங்கள். 800 மில்லி தண்ணீரில் சிறு தீயில் கொதிக்கவிட்டு, 200 மில்லியாக வற்றியதும் வடிகட்டுங்கள். எவர்சில்வர் அல்லது மண்சட்டி நல்லது. அலுமினியம் வேண்டவே வேண்டாம்.

அடுத்துப் பாகு. முதல் தடவை கஷாயத்துக்குச் சம அளவாகப் பனங்கற்கண்டைக் கண்மட்டத்தில் போட்டேன். ஆறாம் நாள் புட்டியின் கழுத்தில் வெள்ளைப் பஞ்சு. தண்ணீரை இறுகப் பிடித்துவைக்கும் அளவுக்குச் சர்க்கரை இருந்தால்தான் பூஞ்சைக்குக் குடிக்க நீர் கிடைக்காது. அதற்கு எடையில் ஒரு பங்கு கஷாயத்துக்கு இரண்டு பங்கு கற்கண்டு வேண்டும்; 200 மில்லிக்கு 400 கிராம். டம்ளர் கணக்கை விட்டுவிடுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், இந்த வேலைக்கு அதைவிட உதவும் கருவி கிடையாது. கற்கண்டு கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

இரண்டாம் தடவை அளவு சரியாக இருந்தும் பூஞ்சை வந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: உள்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளிகள். சூட்டோடு மூடியதால் ஆவி குளிர்ந்து சொட்டி, மேல்பரப்புப் பாகை மட்டும் நீர்க்கச் செய்திருக்கிறது. இப்போது பாத்திரத்தை வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) நிழலாக வைத்து, வெள்ளைத் துணியால் வேடு கட்டி, நன்றாக ஆறிய பிறகே ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றுகிறேன். அதன்பின் கெடவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, வெந்நீரில் கலந்து, காலையும் இரவும். அளவு கூடினால் வாந்தி வரும். கர்ப்பிணிகள் தொடக் கூடாது. இந்த இலைக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குப் பாகு ஆகாது. குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மணப்பாகை நம்பி இருக்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், காசநோயாகவும் இருக்கலாம்.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி, புட்டியின் அடியில் கற்கண்டு கட்டியாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். கூடுதலாகக் கொதித்து நீர் வற்றியிருக்கிறது ஆச்சி. புட்டியை வெந்நீரில் நிறுத்தி, கொதித்த தண்ணீர் ஒரு தேக்கரண்டி மட்டும் விட்டுக் கலக்குங்கள், கரைந்துவிடும். கருப்பட்டியில் செய்யலாமா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் அதில் ஈரம் கட்டிக்குக் கட்டி மாறும் என்பதால் இந்தக் கணக்கு நிற்காது. கொஞ்சமாகக் காய்ச்சி, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.