செக்குச் சான்று, முயல் குழி: விக்கிப் பேச்சில் தவிர்க்க வேண்டியவை

போன ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையில் எங்கள் விக்கிப்பீடியா வகுப்புக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், தன் ஊரைப் பற்றிய கட்டுரையில் "உள்ளூர் மக்கள் இதனை இவ்வாறு அழைப்பர்" என்று ஒரு வரி சேர்த்தார். எந்த உள்ளூர் மக்கள் என்று கேட்டேன். "நாங்கதான் அண்ணே, எங்க செட்டு" என்றார். கல்லூரியில் படிக்கும்போது நானும் இதே வரியை எழுதியவன். அதைத் திருத்த எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

எழுத்துப்பிழை, வெட்டி ஒட்டுவது, தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுதுவது இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். விக்கிப்பீடியாவை மேயத் தொடங்கியதும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் சொற்கள் இருக்கின்றனவே, அவற்றில் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முயல் குழி

மிளகைப் பற்றிப் படிக்கப் போய், வாஸ்கோ ட காமாவைத் தொட்டு, 1755ஆம் ஆண்டின் லிஸ்பன் நிலநடுக்கத்தில் போய் நிற்பீர்கள். மணி இரவு ஒன்று ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் இதை முயல் வளைக்குள் விழுவது என்பார்கள். 1865இல் வந்த ஆலிஸ் கதையில் சிறுமி முயலின் பின்னால் ஓடி அதன் வளைக்குள் விழுகிறாள், அங்கிருந்து வந்த சொல். நம் பிள்ளைகள் அதை அப்படியே "முயல் குழியில் விழுந்தேன்" என்கிறார்கள்.

வகுப்பில் ஒரு பெண், வீட்டில் விவசாயம் பார்ப்பவர், "முயல் எங்கண்ணே குழி தோண்டும்?" என்று கேட்டார். சரியான கேள்வி. நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்குள் ஒரு பள்ளம் அமுக்கிப் படுத்துக்கொள்ளும். வளை தோண்டுவது ஐரோப்பிய முயல். இப்போது எங்கள் பையன்கள் "ராத்திரி எங்கல கரை ஒதுங்குன?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆற்றில் இழுத்துப் போனவனிடம் கேட்கிற கேள்வி அது. யாரும் விளக்கம் கேட்பதில்லை.

சிவப்பு இணைப்பு

இன்னும் கட்டுரை இல்லாத தலைப்புக்கான இணைப்பு சிவப்பாகத் தெரியும். "அவன் ஒரு சிவப்பு இணைப்பு" என்று ஆளை மட்டம் தட்டாதீர்கள். எழுதத் தகுந்தது, எழுத ஆள் வரவில்லை என்றுதான் அந்தச் சிவப்புக்குப் பொருள்.

செட்டுக்குள் புழங்கும் பெயரை ஊர்ப் பெயராக எழுதுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு சிறு ஓடை. நாங்கள் நான்கு பேர் மாலையில் அங்கே உட்கார்ந்து கைப்பேசியில் விக்கிப்பீடியா படிப்போம். படித்ததிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஓடைக்குப் பெயர் வைத்தோம். ஒருநாள் அந்தப் பெயரைக் கட்டுரையில் சேர்த்தேன். "உள்ளூர் மக்கள் அழைப்பர்" என்றும் போட்டேன். நான்கு பேரும் உள்ளூர்க்காரர்கள்தானே என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு சுற்றுலாக் கையேட்டில் அந்தப் பெயர் அச்சில் வந்தது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தது. பயந்துபோய்க் கட்டுரையிலிருந்து அதை நீக்கினேன். மறுநாள் வேறொரு பயனர் மீண்டும் சேர்த்துவிட்டார், அதுவும் அந்தக் கையேட்டைச் சான்றாகக் காட்டி. விதிப்படி அவர் செய்ததில் தவறு இல்லை. என்னிடம் சான்று எதுவும் இல்லை.

இந்தச் சுற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு: சைட்டோஜெனிசிஸ். ராண்டல் மன்ரோ 2011இல் தன் இணையச் சித்திரத்தில் உண்டாக்கிய சொல். நாங்கள் செக்குச் சான்று என்கிறோம். செக்கு மாடு எவ்வளவு தூரம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வரும்.

உலகறிந்த எடுத்துக்காட்டு கோட்டி என்னும் விலங்கு. அமெரிக்கக் கண்டங்களில் வாழ்வது, ரக்கூன் குடும்பம். 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் அதற்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, கோட்டிக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆனாலும் அந்தப் பெயர் பிரிட்டன் நாளிதழ்களுக்கும், ஒரு பல்கலைக்கழகப் பதிப்பக நூலுக்கும் போய்விட்டது. விஷயம் வெளியே வந்தது 2014இல்.

என் ஓடைக்கு வருகிறேன். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "அதுக்குத்தான் பேரு உண்டே" என்று ஒரு பழைய பெயரைச் சொன்னாள். நான் உடனே, "சான்று இருக்கா ஆச்சி?" என்றேன். அப்போது எங்கள் செட்டில் யார் எது சொன்னாலும் "சான்று தேவை" என்பதுதான் பதில். ஆச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கட்டுரையில் 'சான்று தேவை' என்று போடுவது, அடுத்து வருகிறவர் தேடிச் சேர்க்கட்டும் என்ற வேண்டுகோள். அதையே வயதானவர் முகத்துக்கு நேரே சொன்னால், நீ பொய் சொல்கிறாய் என்றுதான் கேட்கும்.

கடைசியில் பழைய கிராம வரைபடம் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆச்சி சொன்ன பெயர்தான் அதில் இருந்தது. அதைக் காட்டிக் கட்டுரையைத் திருத்தினேன். கையேட்டைத் திருத்த முடியவில்லை, போன வருடம் கூட ஓர் ஆட்டோவில் அந்தக் கள்ளப் பெயரைச் சொல்லி ஒருவர் வழி கேட்பதைக் கேட்டேன். இரண்டு பெயர்களையும் இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம். எழுதினால் இதையும் ஒருவர் சான்றாக எடுத்துக்கொள்வார்.

ஆகவே "உள்ளூர் மக்கள் அழைப்பர்" என்று எழுதும் முன் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள், அப்புறம் வரைபடமோ பழைய அச்சு நூலோ தேடுங்கள். கிடைக்காவிட்டால் எழுதாதீர்கள்.

மணல்தொட்டி

விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகுவதற்கான பக்கம் இது. அதில் எழுதிப் பார்த்ததைக் "கட்டுரை போட்டாச்சு" என்று சொல்லாதீர்கள்.

முதல் இணைப்பு விளையாட்டு

ஆங்கிலக் கட்டுரையின் முதல் இணைப்பை விடாமல் அழுத்திக்கொண்டே போனால் 'ஃபிலாசஃபி' (மெய்யியல்) கட்டுரைக்குப் போய்ச் சேரலாம். 2016 கணக்குப்படி 97 விழுக்காடு கட்டுரைகள் அப்படிச் சேர்ந்தன. தமிழில் ஆடிப் பார்த்துவிட்டு "நம்ம விக்கி சரியில்லை" என்று சலித்துக்கொள்கிறார்கள். குறை விக்கியில் இல்லை. ஆங்கில வாக்கியம் 'இன்னது ஒரு நகரம்' என்று வகையை முதலில் சொல்லும். நாம் 'தமிழ்நாட்டில், தென்காசி மாவட்டத்தில்' என்று இடத்தைச் சொல்லிவிட்டு, 'நகராட்சி' என்பதைக் கடைசியில் வைப்போம். முதல் இணைப்பு மெய்யியல் பக்கம் திரும்பாமல் மாநிலத்தின் பக்கம் போய்விடும்.

விக்கி

ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் பெயரில் உள்ள 'விக்கி' தவிர தொடர்பு இல்லை.

மலைக்கு அந்தப்பக்கத்துச் சொல்

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, கேரளம் உருவாகும் முன் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து ஊர். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூரில் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு. அதனால் மலையாள விக்கிப்பீடியர்களும் எங்கள் வகுப்புக்கு வருவார்கள். ஒருமுறை புனலூர்ப் பையன் ஒருவர், "உங்க கட்டுரையைப் பஞ்சாயத்துல போட்டிருக்கேன்" என்றார். எங்கள் தம்பி, ஏதோ வம்பு வந்துவிட்டது என்று முகம் வாடிப்போனார். நம் பேச்சில் பஞ்சாயத்து என்றால் தகராறு. அவர்கள் விக்கியில் எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்குப் பஞ்சாயத்து என்று பெயர். ஆங்கிலத்தில் அது ஊர் அடிகுழாய், தெலுங்கில் ரச்சபண்ட, நம்மிடம் ஆலமரத்தடி. மூன்று மொழிக்காரர்களும் குழாயை மொழிபெயர்க்காமல், அவரவர் ஊரில் சனம் கூடும் இடத்தைத் தேடிப் பெயர் வைத்திருக்கிறார்கள். புனலூர்ப் பையன் பஞ்சாயத்தில் போட்டது, கட்டுரை நன்றாக இருக்கிறது, மலையாளத்திலும் யாராவது எழுதுங்கள் என்றுதான்.