நீலகிரியில் காலநிலைக் கூட்டம் நடத்தப்போகிறீர்களா?

காலநிலைக் கூட்டங்களுக்குப் பழங்குடி மக்களைக் கூப்பிடாதவர்கள் இப்போது குறைவு. ஆனால் கூப்பிடுவது பெரும்பாலும் நடனத்துக்கு. ஆட்டம் முடிந்ததும் சால்வை, போட்டோ. அப்புறம் மைக் கோயம்புத்தூர்க்காரர்கள் கைக்குப் போய்விடும். கோத்தகிரிப் பக்கம் இந்த ஏற்பாடுகளுக்காக அலைகிறவள் நான். இதை மாற்ற நான் செய்பவற்றைச் சொல்கிறேன்.

தலைப்பை முடிவு செய்துகொண்டு மலையேறாதீர்கள். எனக்கு இதுதான் முக்கியம். நாம் 'மரம் நடுவோம்' என்று போய் நிற்போம். நீலகிரியின் மேட்டுப் பகுதியில் இயற்கையாக இருந்ததோ சோலையும் புல்வெளியும். அந்தப் புல்வெளியில்தான் ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டுத் தள்ளினார்கள். தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் சுருங்கியது. கோயில் கூரை வேய அவர்கள் அறுக்கும் சதுப்புநிலப் புல்லும் அரிதானது. புல்வெளி தன் கார்பனை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. அதை மரத்தால் மூடுவது காலநிலைக்கு நல்லது என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. எனவே தோடர்களின் குடியிருப்பான ஒரு மந்துக்குப் போனால் எதை நடலாம் என்று கேட்காதீர்கள், எதை அகற்றலாம் என்று கேளுங்கள். கூட்டத்துக்கான தலைப்பு அந்தப் பேச்சிலிருந்தே வரும்.

'பழங்குடிகள் சார்பில் ஒருவர்' என்ற வரியை நிகழ்ச்சி நிரலில் இருந்து அடித்துவிடுங்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று இங்கே ஆறு சமூகங்கள். எருமை வளர்க்கும் தோடரின் கவலையும், கூடலூர் எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் பணியரின் கவலையும் ஒன்றல்ல. அவரவர் மொழியிலேயே பேசட்டும். தமிழில் சொல்ல அதே ஊர் இளைஞர் ஒருவர் கிடைப்பார்.

கூட்டத்தை அவர்கள் ஊரிலேயே, வேலை முடிந்த நேரத்தில் வையுங்கள். குறும்பர் ஊர் என்றால் தேன் எடுக்கும் பருவத்தைத் தவிருங்கள். வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்றால் அதைக் கொடுங்கள். பேராசிரியருக்கு மதிப்பூதியம், காடறிந்த மூப்பருக்கு டீயும் பன்னும் என்றால் எப்படி?

அடுத்து, 2006 வன உரிமைச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது அது. இதற்கான கிராம சபைக்குப் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். நம் கூட்டத்துக்கும் நான் அதே கணக்கைத்தான் வைத்துக்கொள்கிறேன். தீர்மானத்தின் முதல் வரியில் நிலுவையில் உள்ள உரிமை மனுக்களைப் போடுங்கள். 'இதற்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம்?' என்று நம் ஆட்களே கேட்பார்கள். சீகையை எடுப்பதா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது என்று திருப்பிக் கேளுங்கள். ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்ததையும் சொல்லுங்கள். ஒரு மலை தப்பியது அப்படித்தான்.

கூட்டக் குறிப்பை வெளியிடும் முன் அதே ஊரில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நீக்கச் சொன்னதை நீக்குங்கள், காரணம் கேட்க வேண்டாம். தேன் பாறை எங்கே இருக்கிறது, எந்தச் செடி எதற்கு மருந்து என்பதையெல்லாம் அவர்கள் சொல்வதற்கு முன்பே நீங்களே குறிப்பிலிருந்து நீக்கிவிடலாம்.