பேட்ச் பொருந்தாவிட்டால் கோப்பு என்ன ஆகும்? கிட் லைப்ரரியைச் சோதிக்கக் கற்றுக்கொள்வோம்

ஒரு கோப்பில் செய்த மாற்றத்தை மட்டும் தனியே எழுதி வைத்தால் அதுதான் பேட்ச். அதை இன்னொருவர் தன்னிடம் இருக்கும் கோப்பின் மேல் போட்டால் அதே மாற்றம் அங்கேயும் வந்துவிட வேண்டும். லாரி வால் 1985-ல் பேட்ச் என்ற நிரலை எழுதினார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல், கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளை உருவாக்கினார். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கான பேட்ச்கள் இன்றும் மின்னஞ்சலில்தான் போய் வருகின்றன.

கிட் கட்டளையை நாமே தட்டும்போது, ஏதாவது தப்பானால் திரையில் தெரியும். ஆனால் நம் நிரல் ஒரு லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வழியாகப் பேட்ச் போடும்போது திரையைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். லைப்ரரி எந்த நிலையில் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே டெஸ்ட் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்ச் அழகாக ஒட்டுவதைச் சோதிக்க எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஒட்டாதபோது கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் குறைவு. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

தேவையானவை

பைத்தான், பைகிட்2, பைடெஸ்ட் மூன்றும் போதும். சி மொழியில் எழுதப்பட்ட லிப்கிட்2 என்ற லைப்ரரியைப் பைத்தானிலிருந்து பயன்படுத்த உதவுவது பைகிட்2. நாம் எழுதும் டெஸ்ட்களை ஓட்டிக் காட்டுவது பைடெஸ்ட். பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியாகப் பைகிட்2, பைடெஸ்ட் இரண்டையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கிட் கட்டளையும் கணினியில் இருக்கட்டும். ஃபங்ஷன் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மாதிரிக் கோப்பு

தென்காசியிலிருந்து கொல்லம் போகும் சாலையையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஊர்களின் வரிசை மனப்பாடம் என்பதால், ஒரு வரி இடம் மாறினாலும் கண்ணில் பட்டுவிடும். கோப்பில் வரிக்கு ஓர் ஊர்:

தென்காசி
செங்கோட்டை
புளியரை
ஆரியங்காவு
தென்மலை
புனலூர்
கொட்டாரக்கரை
கொல்லம்

புளியரை தாண்டி மலை ஏறினால் ஆரியங்காவு, அதாவது கேரளம். ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவே கழுதுருட்டி விட்டுப்போயிற்று. அதைச் சேர்க்கும் பேட்ச் இப்படி இருக்கும் (கோப்பின் பெயர் வரும் தலைப்பு வரிகளை விட்டுவிட்டேன்):

@@ -2,6 +2,7 @@
 செங்கோட்டை
 புளியரை
 ஆரியங்காவு
+கழுதுருட்டி
 தென்மலை
 புனலூர்
 கொட்டாரக்கரை

இந்தத் துண்டுக்கு ஹங்க் என்று பெயர். பழைய கோப்பில் 2-ஆம் வரியிலிருந்து 6 வரிகள், புதிய கோப்பில் 2-ஆம் வரியிலிருந்து 7 வரிகள் என்பதுதான் தலைவரியின் பொருள். கூட்டல் குறி போட்டது புதிய வரி. மேலும் கீழும் உள்ள மும்மூன்று வரிகள் சூழல் வரிகள். இடம் சரிதானா என்று பார்த்துக்கொள்வதற்கு. கிட் வழக்கமாக மூன்று தருகிறது. ஒவ்வொரு சூழல் வரியின் தொடக்கத்திலும் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். பேட்சைக் கையால் எழுதும்போது அந்த இடைவெளி போய்விட்டாலோ, எண்ணிக்கை தவறினாலோ பேட்சே செல்லாது.

முதல் டெஸ்ட்: ஒட்ட வேண்டியது ஒட்டுகிறதா

1. பைடெஸ்ட் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு தற்காலிக ஃபோல்டர் தரும். அதற்குள் இனிட் ரெப்பாசிட்டரி ஃபங்ஷனால் ஒரு புது ரெப்போ (கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் கிட் வைத்திருக்கும் இடம்) தொடங்குங்கள். உண்மையான ரெப்போவில் ஒருபோதும் டெஸ்ட் ஓட்டாதீர்கள்.

2. அந்த ரெப்போவின் அமைப்பில், வரி முடிவுகளைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் என்பதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியின் பொது அமைப்பு டெஸ்டுக்குள் நுழைந்து, உங்களிடம் ஒரு விடையும் நண்பரிடம் வேறொரு விடையும் வரும்.

3. மாதிரிக் கோப்பைப் பைட்களாக எழுதி, இண்டெக்ஸில் (கிட்டில் அடுத்துப் பதிய வேண்டியவற்றின் பட்டியல்) சேர்த்து, இண்டெக்ஸைச் சேமியுங்கள்.

4. பேட்சைப் பார்ஸ் டிஃப் ஃபங்ஷனிடம் கொடுத்து, வருகிற டிஃபை (மாற்றங்களின் தொகுப்பு) ரெப்போவின் அப்ளை ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். எங்கே போட வேண்டும் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு: வேலைக் கோப்புகளில், இண்டெக்ஸில், இரண்டிலும். இயல்பிருப்பை நம்பாமல் ஒவ்வொரு முறையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

5. கோப்பை மீண்டும் பைட்களாகப் படித்து, எதிர்பார்க்கும் முழுக் கோப்போடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாவதில் பலர் சுருக்குவழி எடுப்பார்கள்: கோப்பில் கழுதுருட்டி என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கொல்லத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தாலும் அந்த டெஸ்ட் தேறிவிடும். முழுக் கோப்பையும் பைட் பைட்டாக ஒப்பிடுவதே சரி. இண்டெக்ஸில் மட்டும் போடச் சொன்னால் வேலைக் கோப்பு மாறாமல் இருக்கிறதா என்பதற்கும் இதே மாதிரி ஒரு சின்ன டெஸ்ட் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஒட்டக்கூடாதது ஒட்டாமல் இருக்கிறதா

கோப்பில் ஆரியங்காவு என்பதை ஆரியன்காவு என்று மாற்றிவிட்டு அதே பேட்சைப் போடுங்கள். சூழல் வரி பொருந்தாததால் லைப்ரரி மறுக்க வேண்டும். லிப்கிட்2-ல் இதற்கென்றே தனிப் பிழை எண் உண்டு, -35. பைகிட்2-ல் அது கிட்எரர் என்ற விதிவிலக்காக வரும். பைடெஸ்டின் ரெய்ஸஸ் கொண்டு அதைப் பிடியுங்கள்.

இங்கே தொடக்கநிலையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கோப்பு மாறவில்லை என்று ஒப்பிடும் வரியை ரெய்ஸஸ் தொகுதிக்கு உள்ளே எழுதக்கூடாது. விதிவிலக்கு எழுந்ததுமே பைத்தான் தொகுதியை விட்டு வெளியேறிவிடும். அதற்குக் கீழே உள்ள ஒப்பீடு ஓடவே ஓடாது, டெஸ்டோ பச்சை காட்டும். தொகுதி முடிந்த பிறகு, வெளியே ஒப்பிடுங்கள்.

அப்புறம் இதையே கொஞ்சம் கடினமாக்குங்கள். ஒரே பேட்சில் இரண்டு கோப்புகளுக்கான மாற்றம் இருக்கட்டும். முதலாவது சரியாகப் பொருந்தும், இரண்டாவது பொருந்தாது. இப்போது முதல் கோப்பு என்ன ஆகிறது? கிட் அப்ளை கட்டளை இந்த நிலையில் பேட்சை முழுவதுமாக மறுத்துவிட்டு எந்தக் கோப்பையும் தொடாமல் விடும். ரிஜெக்ட் என்று தனியாகக் கேட்டால்தான் பொருந்தியதை மட்டும் போடும். லாரி வால் வழிவந்த குனு பேட்சின் இயல்பு வேறு. பொருந்தும் ஹங்க்குகளைப் போட்டுவிட்டு, மீதியைத் தனிக் கோப்பில் ஒதுக்கி வைக்கும். போதாததற்கு, ஹங்க்கின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் உள்ள சூழல் வரிகளில் இரண்டிரண்டு வரை பொருந்தாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். மனிதர் அருகில் இருந்து சரிபார்க்கும் வேலைக்கு அது உதவி. நிரலுக்குள் ஓடும் வேலைக்கு, எல்லாம் அல்லது எதுவுமில்லை என்ற கிட்டின் வழியே பாதுகாப்பு. உங்கள் லைப்ரரி அப்படித்தான் நடக்கிறதா என்பதை இந்த இரட்டைக் கோப்பு டெஸ்ட் காட்டிவிடும். ஒரே ஒரு டெஸ்ட்தான் எழுத நேரம் இருக்கிறது என்றால் இதை எழுதுங்கள்.

மூன்றாவது: வரிகள் நகர்ந்திருந்தால்

தென்காசிக்கு மேலே கடையநல்லூர் என்று ஒரு வரி சேருங்கள். எல்லா ஊரும் ஒரு வரி கீழே போய்விடும். பேட்ச் 2-ஆம் வரி என்கிறது. செங்கோட்டை இருப்பதோ 3-ஆம் வரியில். கிட் அப்ளை கட்டளை மேலும் கீழும் தேடி, சரியான இடத்தைக் கண்டுபிடித்துப் போட்டுவிடும். லைப்ரரியும் அப்படித் தேடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கிட் கட்டளையும் லிப்கிட்2-ம் தனித்தனியாக எழுதப்பட்ட நிரல்கள். கட்டளைக்குத் தெரிந்த எல்லா வித்தையும் லைப்ரரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் நிறுவிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். வரும் விடையை அப்படியே டெஸ்டில் பதியுங்கள். நாளை பதிப்பு மாறி நடத்தையும் மாறினால் டெஸ்ட் முதலில் சொல்லிவிடும். இரண்டே விடைகள்தான் ஏற்கத்தக்கவை: சரியான இடத்தில் போட்டிருக்க வேண்டும், அல்லது பிழை சொல்லிவிட்டுக் கோப்பைத் தொடாமல் இருக்க வேண்டும்.

தேடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. காலைப் பேருந்து, மாலைப் பேருந்து என்று ஒரே கோப்பில் இரண்டு பகுதி வைத்து, இரண்டிலும் இதே எட்டு ஊர்களை எழுதுங்கள். காலைப் பகுதிக்கான பேட்சை ஒருமுறை போடுங்கள். ஒட்டும். அதே பேட்சை இன்னொரு முறை போடுங்கள். காலைப் பகுதியில் கழுதுருட்டி ஏற்கெனவே வந்துவிட்டதால் சூழல் பொருந்தாது. ஆனால் மாலைப் பகுதி அச்சு அசலாகப் பொருந்துகிறதே! தேடும் நிரல் அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வெற்றி என்று சொல்லிவிடும். கிட் அப்ளை கட்டளையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரே பகுதி உள்ள கோப்பில் இரண்டாம் முறை பிழை வர வேண்டும். இரு பகுதிக் கோப்பில் என்ன வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டே நிரல் எழுத வேண்டும். ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வரும் கோப்புகளோடு வேலை என்றால் சூழல் வரிகளை மூன்றிலிருந்து கூட்டிப் பேட்ச் எடுப்பது நல்லது.

நான்காவது: கண்ணுக்குத் தெரியாத பைட்கள்

பேட்ச் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் கோப்பு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்க்கவே கூடாது.

கொல்லம் என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதினால் 3 பைட். எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வந்தால் 6 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கொட்டாரக்கரை நம் பேட்சில் சூழல் வரி. கோப்பில் அது ஒரு விதமாகவும் பேட்சில் இன்னொரு விதமாகவும் இருந்தால் பேட்ச் ஒட்டாது, ஏன் ஒட்டவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரியாது. செங்கோட்டையின் ஓகாரத்துக்கும் இதே கதைதான். மலையாள எழுத்தில் கொல்லத்தை எழுதினாலும் இப்படித்தான். மலையாளத்தில் புனலூர் என்று எழுதும்போது கடைசியில் வரும் சில்லு எழுத்து (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவம்) இன்னும் சிக்கலானது. 2008-ல் வந்த யூனிகோடு 5.1-ல் அதற்குத் தனிக் குறி தரப்பட்டது. அதற்கு முன்பு மெய், சந்திரக்கலை (நம் புள்ளியைப் போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்று குறிகளாக எழுதினார்கள். ஒகரத்தின் இரு வடிவங்களை, ஒரே எழுத்தின் வடிவங்களைச் சீராக்கும் யூனிகோடு இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். சில்லுவின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அது ஒன்றாக்காது. அதனால் இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட் வேண்டும். லைப்ரரி மறுப்பதுதான் சரியான நடத்தை. பேட்சுக்கு முன்னால் எழுத்தை ஒழுங்குபடுத்துவது நம் வேலை.

வரி முடிவுகளையும் பாருங்கள். விண்டோஸ் பாணி முடிவு உள்ள கோப்பின் மேல் லினக்ஸ் பாணிப் பேட்சைப் போட்டால், இரண்டு வகை முடிவும் கலந்த கோப்பு உருவாகவே கூடாது. பைத்தானில் கோப்பை உரையாகப் படித்தால் விண்டோஸ் முடிவுகளை அது தானாகவே மாற்றிக் கொடுத்துவிடும், வித்தியாசம் மறைந்துபோகும். முதலிலிருந்தே பைட்களாகப் படிக்கச் சொன்னது அதனால்தான். கடைசி வரியில் வரி முடிவே இல்லாத கோப்பு ஒன்றும், காலிக் கோப்பு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: கோப்பின் பெயர் தமிழில் இருந்தால்

கோப்புக்கு வழி என்று தமிழிலேயே பெயர் வைத்துப் பேட்ச் எடுங்கள். கிட்டின் வழக்கமான அமைப்பில் பெயர் தமிழாக வராது. மேற்கோள் குறிக்குள் இப்படி வரும்:

\340\256\265\340\256\264\340\256\277

ஒவ்வொரு பைட்டும் எட்டை அடிமானமாகக் கொண்ட எண் முறையில் எழுதப்பட்டிருக்கிறது. குவோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால் தமிழிலேயே வரும். இரண்டு வகைப் பேட்சும் அதே கோப்பில் ஒட்ட வேண்டும். இந்தப் பேட்சைப் பைத்தான் நிரலுக்குள் சாதாரண உரையாக ஒட்டிவிடாதீர்கள். பின்சாய்வுக் கோட்டோடு வரும் எண்களைப் பைத்தான் தானே வேறு எழுத்துகளாக மாற்றிவிடும். தனிக் கோப்பாக வைத்துப் பைட்களாகப் படியுங்கள்.

பேட்சின் தலைப்பில் இரண்டு புள்ளி போட்டு மேல் ஃபோல்டருக்குப் போகும் பாதை இருந்தால் லைப்ரரி அதை மறுக்க வேண்டும். முகம் தெரியாதவர்கள் அனுப்பும் பேட்சை வாங்கும் நிரல் என்றால் இந்த டெஸ்ட் இல்லாமல் வெளியிடக்கூடாது.

மாதிரிகளைச் சேர்த்து வைப்பது

லைப்ரரியே எடுத்த டிஃபை லைப்ரரியிடமே கொடுத்துச் சோதிப்பது எளிது, ஆனால் எடுப்பதிலும் போடுவதிலும் ஒரே தப்பு இருந்தால் அது வெளியே வராது. பாதி மாதிரிகளையாவது கிட் கட்டளையால் எடுங்கள், சிலவற்றைக் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் பழைய கோப்பு, பேட்ச், எதிர்பார்க்கும் கோப்பு. எதிர்பார்க்கும் கோப்பு இல்லை என்றால் மறுக்க வேண்டிய மாதிரி என்று பொருள். பைடெஸ்டின் பாராமெட்ரைஸ் வசதி எல்லா ஃபோல்டர்களையும் ஒரே டெஸ்டில் ஓட்டிவிடும். இந்த ஃபோல்டருக்குள் வரி முடிவுகளை மாற்ற வேண்டாம் என்று கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் கணினியில் எடுக்கும்போது மாதிரிகளே மாறிப்போகும்.