'நைஸ் சார்' வராத ஆன்லைன் விவாதம் நடத்துவது எப்படி?

பாடம், விவாதம் எல்லாம் ஆன்லைனில் நடத்த கல்லூரியில் மூடுல் (Moodle) இருக்கிறது, பள்ளியில் கூகுள் கிளாஸ்ரூம் இருக்கிறது. ஆனால் இரண்டில் எதில் விவாதம் தொடங்கினாலும் வந்து விழுவது "நைஸ்", "ஐ அக்ரீ", "சூப்பர் சார்" மட்டும்தான். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. "அரசியலமைப்பின் முகவுரையைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாருக்கும் எழுத ஒன்றும் தோன்றாது, நமக்கும்தான்.

படிக்கும்போதே எழுகிற சந்தேகத்துக்கு ஓரக்குறிப்பு, அதாவது பாடத்தின் ஓரத்திலேயே எழுதும் கமெண்ட். படித்து முடித்தபின் எழுகிற வாதத்துக்கு ஃபோரம், அதாவது ஒரு கேள்விக்கு எல்லோரும் பதில் எழுதும் விவாதப் பக்கம். ஓரக்குறிப்பு முதலில், ஃபோரம் அதற்குப் பிறகு. பலரும் நேராக ஃபோரத்தில் இறங்கிவிடுகிறோம், அதனால்தான் அது காலியாகக் கிடக்கிறது.

அரசியலமைப்பின் முகவுரையையே எடுத்துக்கொள்வோம். தமிழ் வடிவத்தை ஒரு கூகுள் டாக்ஸில் போட்டு, ஷேர் செய்யும்போது 'கமென்டர்' உரிமை மட்டும் கொடுங்கள். 'எடிட்டர்' கொடுத்தால் யாராவது ஒருவர் கைதவறிப் பாதிப் பத்தியை அழித்துவிடுவார். ஆறேழு பேருக்கு ஒரு நகல் என்று பிரித்துவிடுங்கள். நாற்பது பேரும் ஒரே பத்தியில் குறித்தால் ஓரம் நிரம்பி எதுவும் படிக்க முடியாது. ஜிமெயிலில் லாகின் செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எழுதியது யார் என்றே தெரியாது. அப்புறம் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கமெண்ட்டுக்கு ஒரு மெயில் வந்து இன்பாக்ஸ் நிரம்பும்.

வேலை இவ்வளவுதான்: ஆளுக்கு ஒரு சொல்லையோ தொடரையோ குறித்து ஒரு கேள்வி, இன்னொருவர் கேள்விக்கு ஒரு பதில். ஒருத்தி 'சமதர்மம்' என்ற சொல்லைக் குறித்து "இது முதலிலிருந்தே இருந்ததா?" என்று கேட்கிறாள். இன்னொருவன் "இல்லை, 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் சேர்த்தது, சமயச்சார்பின்மையும் அப்போதுதான்" என்கிறான். மூன்றாமவர் கடைசி வரியைப் பிடிக்கிறார்: "கீழே 1949 நவம்பர் 26 என்று தேதி போட்டிருக்கிறதே, பிறகு வந்த சொல்லுக்கு அந்தத் தேதி எப்படிப் பொருந்தும்?" நாம் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு நல்ல கேள்வி வராது. கமெண்ட் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு இருப்பதால்தான் அடுத்தவர் கண் அங்கே போகிறது. வாட்ஸப் குழுவில் இதே கேள்வி வந்திருந்தால் அடுத்த நிமிடமே குட் மார்னிங் படங்களுக்கு அடியில் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கமெண்ட்டில் உள்ள டிக் குறியை அழுத்தினால் அது ஓரத்திலிருந்து மறைந்துவிடும். அழிவதில்லை, பழைய கமெண்ட்டுகளோடு உள்ளே இருக்கும், ஆனால் பிள்ளைகள் பதறிப்போவார்கள்.

இணையப் பக்கத்தின் மேலேயே குறிக்க வேண்டும் என்றால் அதற்கென்றே உள்ள ஹைப்போதெசிஸ் (Hypothesis) என்ற கருவி நல்லது. கட்டாயம் தனிக் குழு ஒன்றை உருவாக்கி, குறிப்பெழுதும் முன் மேலே குழுவின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் ஊரே படிக்கும். குரோம் நீட்டிப்பு கம்ப்யூட்டரில்தான் வேலை செய்யும், போனில் படிப்பவர்களுக்கு, நீட்டிப்பு இல்லாமலே குறிப்பெழுத ஹைப்போதெசிஸ் தரும் 'வியா' (Via) சுட்டியாக அனுப்புங்கள். வகுப்பில் பெரும்பாலானோரிடம் போன்தான் என்றால் கூகுள் டாக்ஸோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தமிழ் பிடிஎஃப் என்றால் இன்னொரு தலைவலி. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் செய்தது, யூனிகோடுக்கு மாற்றாமல் குறிப்பெழுதக் கொடுக்காதீர்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது வெறும் ஸ்கேன். கூகுள் டிரைவில் ஏற்றி 'கூகுள் டாக்ஸில் திற' என்று கொடுத்தால் எழுத்துகளைப் பிரித்துத் தரும், பிழை திருத்தும் வேலை மட்டும் நம்முடையது.

இனி ஃபோரம். ஓரக்குறிப்புகளிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள், ஆனால் பதில் சொல்ல ஆதாரம் தேவைப்படும்படி மாற்றுங்கள்: "மத சுதந்திரம் பற்றிய 25 முதல் 28 வரையிலான பிரிவுகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. அப்படியானால் 1976-இல் வந்த 'சமயச்சார்பின்மை' புதிதாக எதைச் சேர்த்தது? பிரிவு எண்ணைக் காட்டி எழுதுங்கள்." இதற்கு "நைஸ் சார்" என்று எழுத முடியாது.

முதல் ஆள் எழுதியதையே மற்றவர்கள் மாற்றி மாற்றி எழுதாமல் இருக்க, மூடுலில் 'கியூ அண்ட் ஏ' வகை ஃபோரத்தைத் தேர்ந்தெடுங்கள். தான் எழுதாமல் அடுத்தவர் பதிலைப் பார்க்க முடியாது. எழுதியபிறகும் திருத்தும் அவகாசம் முடியும்வரை, வழக்கமாக 30 நிமிடம், ஒன்றும் தெரியாது. "போட்டுட்டேன் சார், எதுவுமே வரலை" என்று போன் வரும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூகுள் கிளாஸ்ரூமில் 'கொஸ்டின்' கொடுத்தாலும் பதில் அனுப்பிய பிறகுதான் மற்றவர்களுடையது தெரியும்.

கெடு ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்: சொந்தப் பதில் புதன்கிழமைக்குள், அடுத்தவருக்கு மறுப்போ கேள்வியோ சனிக்கிழமைக்குள். ஒரே கெடு என்றால் கடைசி இரவு பதினொன்றரைக்கு எல்லாம் கொட்டும், யாரும் யாருடையதையும் படித்திருக்க மாட்டார்கள். எண்ணிக்கைக்கு மார்க் போடாதீர்கள். தங்கிலீஷில் எழுதினால் விட்டுவிடுங்கள், இங்கே சோதிப்பது தட்டச்சை அல்ல. எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் போடவும் வேண்டாம். ஆசிரியர் பதில் வந்ததும் பேச்சு நின்றுவிடும், தவறான தகவல் ஓடும்போது மட்டும் நுழையுங்கள்.

திங்கட்கிழமை வகுப்பை மூன்று பதிவுகளைத் திரையில் காட்டித் தொடங்குங்கள், எழுதியவர்களிடம் கேட்டுக்கொண்டு. இதை விட்டுவிட்டால் அடுத்த வாரம் யாரும் எழுத மாட்டார்கள், எழுதியது எங்கே போகிறது என்று தெரியாதே. போனே இல்லாத பிள்ளை இருந்தால் அகல ஓரம் விட்டு அச்செடுத்துக் கொடுங்கள், பேனாவில் எழுதியதைக் குழுவில் ஒருவர் அவர் பெயரோடு ஏற்றட்டும். பருவம் முடிந்ததும் டாக்ஸ் சுட்டியின் ஷேரிங்கை மூடிவிடுங்கள்.